ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

இரும்புலியூர்,
8-6-2009

அன்புள்ள மச்சானுக்கு, ஃபாயிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் மாமியும் இங்கே சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்பது வெள்ளிக்கிழமை போனில் உங்கள் குரலிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலமா என்று கேட்கவில்லை.

அன்று என்னை ஒரு வார்த்தை பேசவிட்டீர்களா? எல்லாம் முடிந்தது, கம்பெனியை மூடிவிடலாம், இங்கே அமெரிக்காவிலேயே அசார் காக்காவின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துகொள்கிறேன், இரண்டு வருஷம் பொறுத்துக்கொள் என்றீர்கள். பிறகு சாரி சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கம்பெனி மெயிலை மாடியில் நம் ஆபீசில் இருக்கும் அத்தனை பேரும் திறந்து பார்க்கிறார்கள். இது அவர்கள் படிப்பதற்கு அல்ல. நம் கம்பெனியில் பணம் போடுவதாக இருந்த அந்த அமெரிக்கக்காரரை நீங்கள் மறுபடி பார்க்கப் போவது பதினேழாம் தேதி. கூரியர்காரர் பதினைந்துக்குள் சேரும் என்று சத்தியம் செய்யாத குறை.

போனை வைத்ததும் மாமி என்ன சமாச்சாரம் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் புரியும்படி முழுசாக இப்படிச் சொன்னேன். ஜனங்கள் ஆர்குட்டிலும் ஃபேஸ்புக்கிலும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதுகிறார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குப் புது வேலை, யாருக்குப் பிறந்த நாள் என்று அதையெல்லாம் பொறுக்கி எடுத்து, பொருள் விற்கிறவர் கையில் காலையில் ஒரே பக்கமாகக் கொடுப்பதுதான் உங்கள் மகனின் சாஃப்ட்வேர். அதைச் சாக்காக வைத்து அவர் வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை பேசலாம். கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் தசரதன் அண்ணனின் பட்டியலைத்தான் உங்கள் மகன் அங்கே திரையில் காட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்தொரு பேருக்கு ஜூன் ஒன்று பிறந்த நாள். இது பையன்கள் உட்கார்ந்து அடித்த பொய்ப் பெயர்கள் என்று சொல்லி அந்த மனுஷர் எழுந்துவிட்டார். இதையெல்லாம் கேட்டுவிட்டு மாமி சிரித்தார்கள் மச்சான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"ஜாகிரும் ஜூன் ஒண்ணுதானேம்மா? அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. அஞ்சு வயசு ஆவலைன்னா சேத்துக்க மாட்டேன்னாரு, அப்புறம் அவரே ஒரு தேதி எழுதிக்கினாரு. அவன் பொறந்தது நோன்பு இருபத்தேழு அன்னிக்கு."

நாலு வருஷமாக உங்கள் பிறந்த நாள் என்று ஜூன் ஒன்று வந்தால் நான் பால் பாயசம் காய்ச்சுகிறேன். மாமியும் இரண்டு கிண்ணம் குடிக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்றால், நீ கேட்கவில்லையே என்கிறார்கள். இந்த வீட்டில் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது!

போன திங்கட்கிழமை இங்கே நடந்தது இன்னும் வேடிக்கை. ஜூன் ஒன்று காலையில் தசரதன் அண்ணன் பக்கத்தைத் திறந்தால் வரிசையாக அறுபத்தொரு பிறந்த நாள். அவர் பாட்டுக்கு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு வாழ்த்தியிருக்கிறார். சாயங்காலம் நம் மாடிப்படி ஏறி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து, சாஃப்ட்வேர் எழுதும் நம் பிரசன்னா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா இது, ஒருத்தருக்கும் அன்னிக்கு பொறந்த நாளே இல்ல. ஆனா ஒருத்தரும் போனை வைக்கல."

எப்போதும் பிளாட் தசரதன் என்று சொன்னதுமே போனை வைத்துவிடுவார்களாம். அன்று என்னவென்றால் ஒருவர், அது ஸ்கூல் தேதிங்க, நான் பிறந்தது ஐப்பசியில், ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்த அன்று என்று ஆரம்பித்தாராம். இன்னொரு அம்மா, வாத்தியார் பண்ணிய வேலையால் ஒரு வருஷம் முன்னாலேயே ரிடையர் ஆகப் போகிறேன் என்று புலம்பினாராம். பத்து நிமிஷம், கால் மணி நேரம் என்று பேசியிருக்கிறார்கள். அதில் இரண்டு குடும்பம் நேற்று ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்க வந்தது. தப்பான தேதியே இவ்வளவு பேச வைக்கிறது என்றால் சரியான தேதி என்ன செய்யும் என்று அண்ணனே கேட்கிறார்.

அதனால் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நானும் நம் ஆபீஸ் ஷீலாவும் அந்த அறுபத்தொரு பேரையும் மறுபடி கூப்பிட்டோம். ஐம்பத்து நாலு பேர் வீட்டில் கொண்டாடும் நாளைச் சொன்னார்கள். பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். பிரசன்னா சாஃப்ட்வேரில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துவிட்டான். 'வீட்டுப் பிறந்த நாள்' என்று பெயரும் வைத்தாயிற்று. இதை அந்த அமெரிக்கக்காரர் முன்னால் வையுங்கள். எங்கள் ஊரில் அறுபத்தொரு பேருக்குத் தேதி போட்டது வாத்தியார்கள், என் பையன்கள் இல்லை என்று சொல்லுங்கள். முதல் ஆளாக உங்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துக் காட்டுங்கள்.

இப்போது கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷர் சந்தேகப்பட்டார், சரி, அவருக்கு நம்மைத் தெரியாது. நீங்கள் ஏன் பிரசன்னாவைக் கூப்பிட்டு, பொய்ப் பெயர் அடித்தாயா என்று கேட்டீர்கள்? ஏழு மாதமாக முழுச் சம்பளம் வாங்காமல் பெருங்களத்தூரிலிருந்து சைக்கிளில் வருகிறவன். அன்று மத்தியானம் அவன் சாப்பிடவே இல்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம் அக்கா என்றான். அப்படி இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தக் கட்டத்தைப் போட்டிருக்கிறான். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் போன் அவனுக்கு, எனக்கு இல்லை. மனசு விட்டு மன்னிப்புக் கேளுங்கள்.

பதினேழாம் தேதியும் அவர் வேண்டாம் என்றால்? அதையும் யோசித்தேன். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் இங்கே வந்து மூடுங்கள். நம் மாடியில் உட்கார்ந்து பையன்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அசார் காக்காவிடம் மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு வருஷம் பொறு என்றீர்களே, நான் பொறுப்பேன். ஆனால் பொறுக்காத ஆள் ஒன்று இருக்கிறது.

மச்சான், நீங்கள் ஏப்ரல் ஐந்தாம் தேதி கிளம்பினீர்கள். அந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் எனக்கு நிச்சயமாகிவிட்டது. மாமிக்கு மட்டும் தெரியும். சொன்னால் பாதியில் ஓடி வந்துவிடுவீர்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இப்போது சொல்லாவிட்டால் வராமலே இருந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. தாம்பரத்து டாக்டரம்மா டிசம்பர் ஒன்பது என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். எனக்கும் உள்ளே இருப்பதற்கும் ஒரு குறையும் இல்லை என்றார். காலையில் வாந்தி மட்டும் நிற்கவில்லை. புளிச்சட்னி இருந்தால் இரண்டு இட்லி இறங்குகிறது.

நோன்பு இருபத்தேழு இந்த வருஷம் செப்டம்பரில் வருகிறது. பாயசத்தை அன்றைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் சரியான வேளைக்குச் சாப்பிடவும், அந்த அமெரிக்கக்காரரின் மனசு திரும்பவும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் தேதி கேட்பார். அப்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். பிறந்த அன்று பக்கத்தில் இருந்து பார்த்தவராக நீங்கள்தான் நின்று சொல்ல வேண்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஃபாயிசா