முப்பத்தைந்து கதிரைகள்

ஆனி 12, புதன்

கணிதம் 58. அழவில்லை. அழுதால் கொதி ஆறிவிடும். எனக்கு ஆற வேண்டாம்.

முதலாம் தவணை ரிப்போட் இன்று தந்தார்கள். அதோடு ஓர் அறிவித்தலும் வந்தது. அடுத்த வருடம் பதினோராம் ஆண்டில் எங்களை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்களாம். மூன்றாம் தவணைக் கணிதப் புள்ளியில் முதல் முப்பத்தைந்து பேர் ஏ பிரிவு. மிச்ச முப்பத்தேழு பேரும் பி. ஏ பிரிவுக்கு ஜெயசுதன் சேர் கணிதம் படிப்பிப்பார். பி பிரிவுக்கு யாராவது வந்தால் உண்டு, வராவிட்டால் லைப்ரரியில் போய் இருக்க வேண்டியதுதான். போன வருடம் பி பிரிவில், பதினோராம் ஆண்டு முடிய வரும் ஓ.எல். பொதுச் சோதனையில், கணிதத்துக்கு ஒருவர்கூட ஏ எடுக்கவில்லை. அது எடுக்காமல் அடுத்த ஏ.எல். வகுப்பில் கணிதப் பக்கம் தலை வைத்தும் படுக்க முடியாது. பிறகு எங்கே கம்பஸ், எங்கே இன்ஜினியரிங்? பதினைந்து வயதில் ஒரு சோதனை, அதோடு என் சீவியமே தீர்ந்தது! யார் போட்ட சட்டம் இது?

நான் ஐம்பத்திரண்டாம் ஆள்.

றஜனி ரீச்சர்தான் எங்கள் வகுப்பாசிரியை. கணிதமும் அவதான். ரிப்போட்டைத் தரும்போது சொன்னா: "தாரிகா, நீர் மீன்பிடிப் பாடம் எடுத்திருக்கலாமே. உங்கடை ஆக்களுக்கு அது லேசு."

உங்கடை ஆக்கள்! மயிலிட்டிக் கடற்கரையில் வீடு என்றால் செதிலோடு பிறந்து வந்தேன் என்று நினைக்கிறாவோ? அந்தப் பாடத்துக்கும் கணிதப் புள்ளிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டிருக்க வேண்டும். அதை விட்டு "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சீ.

ஆனி 13, வியாழன்

இன்னும் 58தான்.

ஆனி 17, திங்கள்

விடிய அப்பாவும் அண்ணையும் வள்ளத்தால் வந்து இறங்க, நானும் அம்மாவும் கரையிலுள்ள எங்கள் வாடிக் கொட்டிலில் இருந்து வலையில் சிக்கியதைக் கழற்ற வேண்டும். ஐந்தே காலிலிருந்து ஆறரை வரைக்கும் நண்டு, திருக்கை, குப்பை எல்லாம். பிறகு குளித்து, விழுந்தடித்து ஓடி ஆறே ஐம்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதே நேரத்தில் என் வகுப்பு ஜெயனி தன் வீட்டு மேசையில் இருந்து பழைய சோதனைகளின் பாஸ் பேப்பர் செய்கிறாள். தகப்பன் தபால் கந்தோரில் வேலை. அவர்கள் வீட்டில் யாரும் விடியப்புறம் தபால் கழற்றுவதில்லை.

இன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"எணை, பள்ளிக்கூட நாளிலை நான் வலைக்கு வரேல்லை."

"அப்ப ஆர் கழட்டிறது? உன்ரை ரீச்சரோ?"

"அண்ணை கழட்டட்டும்."

"அவன் விடிய விடியக் கடலிலை நிண்டிட்டு வாறான். நெஞ்சிலை ஈரம் இருக்கோ உனக்கு?"

என் நெஞ்சில் ஈரம் இல்லையாம். அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வீட்டில் சண்டை வந்தால் அவருக்குக் கடலில் ஏதாவது தெரியும். கடைசியில் சுபாங்கன் அண்ணைதான் வாய் திறந்தான்.

"விடணை, நான் பாக்கிறன். இவளாவது போகட்டும்."

அண்ணை ஓ.எல். கணிதத்தில் இரண்டு தரம் பெயில். அதன் பிறகுதான் வள்ளத்தில் ஏறினான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான், தெரியும். ஆனாலும் அதென்ன 'இவளாவது'? நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆடி 9, செவ்வாய்

பேனை தாளைக் கிழிக்குது. அவ்வளவு கொதி.

றஜனி ரீச்சர் வகுப்புச் சோதனை வைத்தா. திசைகோள், அதாவது வடக்கிலிருந்து எத்தனை பாகை என்று திசை சொல்லும் கணக்கு. ஒரு கலங்கரை விளக்கு, ஒரு படகு. கலங்கரை விளக்கிலிருந்து படகின் திசைகோளைக் காண்க. நான் 230 பாகை என்று எழுதினேன். சரியான விடை 050.

பிழை விடுகிறதுதானே பிள்ளைகள்? தாளைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்தானே? இல்லை. தாளை உயர்த்திப் பிடித்து முழு வகுப்புக்கும் காட்டினா.

"பாருங்கோ பிள்ளைகள், கடல்காரன்ரை பிள்ளைக்கே திசை தெரியேல்லை. தேப்பன் எப்பிடித்தான் கரைக்கு வாறாரோ?"

வகுப்பே கொல்லென்று சிரிச்சுது. பின் வாங்கில் இருந்தவங்கள் மேசையிலை அடிச்சுச் சிரிச்சாங்கள். ஜெயனி சிரிக்கேல்லை. கொடுப்புக்குள்ளை கொஞ்சம் சிரிச்சிருப்பாள், பரவாயில்லை.

என்ரை அப்பா கரைக்கு எப்பிடி வாறாரோ? உவ ஒரு நாள் வந்து வள்ளத்திலை ஏறட்டும். இருட்டுக்குள்ளை நடுக்கடலிலை விட்டிட்டு, எங்கை ரீச்சர் கரை எண்டு கேக்கிறன்.

ஆடி 10, புதன்

இதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

பின்னேரம் கேள்வித்தாளை அப்பாவிடம் காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கிறாய்" என்றார். அண்ணையும் பார்த்தான். "இருநூற்று முப்பதுதான். ரீச்சர் மாறித் திருத்திப்போட்டா." அம்மா வலைக்கு ஊசி ஓட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, அவவும் தென்மேற்குப் பக்கம் கையைக் காட்டினா. வீட்டில் நாலு பேருக்கும் சைபர்!

அரை மணித்தியாலம் படத்தோடு மாரடித்த பிறகுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் யாருமே கலங்கரை விளக்கில் நிற்பதில்லை. நாங்கள் நிற்பது படகில். படகிலிருந்துதான் விளக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்போம், வீட்டுக்கு வர வேண்டுமே. கேள்வி போட்டவர் விளக்கின் மேல் ஏறி நின்றுகொண்டு எங்களைப் பார்க்கிறார்.

அப்பாவிடம் விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது பெரிய பகிடி.

"கரையிலை நிக்கிறவனுக்குத் திசை என்னத்துக்கு? அவன்தான் கரையிலை நிக்கிறானே!"

சிரித்தேன். நேற்றிலிருந்து இப்போதுதான். ஆனால் பத்துப் புள்ளி போனது போனதுதான். இனிமேல் நானும் விளக்கில் ஏறி நிற்கிறேன், வேறென்ன செய்ய?

ஆடி 22, திங்கள்

பஸ்ஸில் ஜெயனி இடையில் ஏறுவாள். இப்போது அவள் பாஸ் பேப்பரில் இருந்து கேள்வியைச் சொல்ல, நான் வாயாலேயே கணக்குச் செய்கிறேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர ஏழு, எட்டுக் கணக்கு முடியும். கண்டக்டர் அண்ணைக்கும் இப்போது இருபடிச் சமன்பாடு பாடம்.

அவளுக்குத் திசைகோள் கதையைச் சொன்னேன், அப்பா, அண்ணை, அம்மா கையைக் காட்டியது எல்லாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திருப்பிச் சொல்லு, திருப்பிச் சொல்லு" என்கிறாள்.

புரட்டாசி 4, புதன்

இரண்டாம் தவணை. 69. நாற்பத்தோராம் ஆள்.

பதினொரு புள்ளி கூட எடுத்திருக்கிறேன். இரண்டு மாதமாய்க் கண் காந்தக் காந்தப் படித்திருக்கிறேன். ரிப்போட்டில் ரீச்சர் எழுதியிருப்பது: 'இன்னும் முயற்சிக்கவும்.' ஆசையாய் ஜெயனியின் ரிப்போட்டைப் பார்த்தேன். அவள் 81, இருபத்திரண்டாம் ஆள். 'இன்னும் முயற்சிக்கவும்.' 23 எடுத்த பெடியனுக்கும் அதேதான். எழுபத்திரண்டு பேருக்கும் ஒரே வசனம்! என்னைத்தான் முயற்சிக்கச் சொல்கிறா. அவ முயற்சித்து இரண்டாவது வசனம் ஒன்று எழுதமாட்டாவோ?

இன்னும் ஆறு பேரைத் தாண்ட வேண்டும்.

கார்த்திகை 19, செவ்வாய்

காற்றும் மழையும். கடலுக்குப் போக ஏலாது. அப்பா, அண்ணை, சித்தப்பா எல்லோரும் வீட்டில். ரீவி ஒரு பக்கம், காட்ஸ் விளையாட்டு ஒரு பக்கம், அம்மாவின் சத்தம் மூன்றாம் பக்கம். படிக்கிறேன் சத்தம் போடாதையுங்கோ என்று கத்தினால், என் சத்தம்தான் பெரிதாம்.

கரையில் இழுத்து வைத்த வள்ளத்துக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு போய் இருந்தேன். எண்ணெய் மணம் தலையிடியைத் தந்தது. ஆனால் யாரும் வரவில்லை. திரிகோண கணிதம் முழுவதும் முடிந்தது.

பின்னேரம் அண்ணை ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். இந்த முறை நன்றி சொன்னேன். "போடி விசரி" என்றான்.

மார்கழி 10, செவ்வாய்

சோதனை முடிந்தது. வந்தது! கலங்கரை விளக்கு, இரண்டு படகுகள். கண்ணை மூடிக்கொண்டு விளக்கின் உச்சிக்கு ஏறினேன். கீழே பார்த்தேன். எழுதினேன்.

தை 6, திங்கள்

77. முப்பத்தைந்தாம் ஆள். கடைசிக் கதிரை என்னுடையது!

லிஸ்டை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் பெயரைக் கண்டதும் அந்த இடத்திலேயே துள்ளினேன், கத்தினேன். பிறகுதான் கீழே பார்த்தேன். ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, முப்பத்தாறாவது பெயர் ஜெயனி. 76.

அவள் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். நான் துள்ளியதையும் பார்த்திருக்கிறாள்.

"என்னெண்டடி?" என்றேன்.

"அந்தக் கலங்கரைக் கணக்கு. படகிலை ஏறிட்டன்." பையைத் தோளில் மாட்டினாள். "உன்ரை கதையைக் கேட்டுக் கேட்டு."

போய்விட்டாள்.

அம்மா கரையில் வாடி வாடியாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறா. நான் சோற்றை மூடி வைத்தேன்.

தை 7, செவ்வாய்

ஆர் சொன்னது முப்பத்தஞ்சு? ஏன் முப்பத்தாறு இல்லை?

உப அதிபரிடம் நேரே போய்க் கேட்டேன். றஜனி ரீச்சரும் அங்கே இருந்தா.

"அந்த அறையிலை முப்பத்தஞ்சு கதிரைதான் பிள்ளை."

"லைப்ரரியிலை கிடக்கு சேர். ஒண்டை நானே தூக்கிக்கொண்டு வாறன்."

"ஒரு கோடு கிழிச்சால் கிழிச்சதுதான். இண்டைக்கு ஒராள் வந்தால் நாளைக்கு முப்பத்தேழாவதின்ரை தாய் வந்து நிப்பா."

ரீச்சர் குறுக்கே சொன்னா: "உமக்குக் கிடைச்சிட்டுதானே. பேந்தென்ன?"

அதுதான் குத்துது. போன வருசம் முழுக்க இந்தக் கோட்டைத் திட்டினன். ஆனால் அதை அழிக்கோணும் எண்டு நினைச்சனோ? இல்லை. நான் மேலை ஏறினால் போதும் எண்டுதான் நினைச்சன்.

தை 27, திங்கள்

பதினொன்று ஏ. ஜெயனி பஸ்ஸில் முன்னுக்குப் போய் இருந்தாள். திரும்பியும் பார்க்கவில்லை.

மாசி 3, திங்கள்

ஜெயசுதன் சேர் இன்று வட்டத் தேற்றம் தொடங்கினார். அருமையாய்ப் படிப்பிக்கிறார், பொய் சொல்லக் கூடாது. படம் கீறி, தரவு எழுதி, நிறுவலில் பாதி வந்ததும் சோக்கை வைத்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"மிச்சம் பின்னேரம் பாப்பம்."

மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. எல்லோரும் கொப்பியை மூடுகிறார்கள். நான் எழும்பினேன்.

"பின்னேரம் எங்கை சேர்?"

"ரியூட்டரியிலை பிள்ளை. வேறை எங்கை?"

அவர் காசுக்குப் படிப்பிக்கிற ரியூட்டரி வகுப்பு ஐந்து மணிக்குத் தொடக்கம். மயிலிட்டிக்குக் கடைசி பஸ் ஐந்தே கால். இதுக்கோ இவ்வளவு பாடுபட்டன்? அரைத் தேற்றத்துக்கோ?

"வகுப்பு நேரம் இன்னும் இருக்குத்தானே சேர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீர்தானே அந்த முப்பத்தஞ்சாவது?" என்றார்.

"ஓம் சேர்" என்றேன். கதிரையில் இருக்கவில்லை. மணி அடிக்கும் வரை நின்றேன்.

மாசி 5, புதன்

பஸ்ஸில் ஜெயனி ஏறினாள். முன்னுக்குப் போகவில்லை. வந்து என் பக்கத்தில் பொத்தென்று இருந்தாள்.

"உன்னிலை எனக்கு இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

"பி வகுப்புக்கு ஒருத்தரும் வரேல்லை. ஒரு கிழமையா லைப்ரரி."

என் பையை மடியில் எடுத்து வைத்து அவளுக்கு இடம் விட்டேன்.

"அப்பா கொண்டுபோய் விட ரியூட்டரிக்குப் போனால் அந்தாள், உங்கடை ஜெயசுதன் சேர், நடுவிலை இருந்து தொடங்குது. முன்பாதி வகுப்பிலை செய்ததாம். கேட்டால், ஏ பிள்ளையளிட்டைக் கேளுங்கோவாம்." அவள் முகம் சிவந்திருந்தது. "இது என்ன நியாயமடி? ஒரு தேற்றத்தை இரண்டாய் வெட்டி ரெண்டு இடத்திலை விக்கிறது?"

கடவுளே, இவளுக்கும் கொதி வரும் என்று இன்றுதான் எனக்குத் தெரியும்.

பையைத் திறந்து கொப்பியை எடுத்து மடியில் வைத்தாள்.

"பின்பாதி என்னட்டைக் கிடக்கு. முன்பாதியை எடு."

எடுத்தேன். பஸ் பள்ளிக்கூட வாசலில் நிற்க முன்னமே தேற்றம் முழுதாய் முடிந்துவிட்டது.