சோபா ஏறிய தோணி

11.02.1998

வம்மிமடுப் பாலத்துக்கான விண்ணப்பம் நாலாவது தடவையாகத் தட்டச்சுக்குப் போனது. நன்கொடை தரும் நாடு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு படிவம். ஒருத்தனுக்குக் குடும்பக் கணக்கு வேண்டும், இன்னொருத்தனுக்கு ஆள் கணக்கு, மூன்றாமவனுக்குப் பெண்கள் கணக்கு மட்டும். ஊர் ஒன்று, ஆறு ஒன்று, ஆற்றில் முங்கிச் சாகிற சனமும் ஒன்றுதான்.

இராசதுரை சேரிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். எங்கள் திட்டமிடல் பிரிவுக்குத் தலைவர், பாண்டிருப்புக்காரர், கோபமே வராத மனிசன். "சுஹறா, கேக்கிறது நாம. படிவம் அவங்கட" என்றார். பதினாறு வருஷ அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தில் நான் படித்ததும் அவ்வளவுதான்.

வம்மிமடுவில் நூற்றி நாற்பது குடும்பம். மாரியில் ஆறு பெருகிவிட்டால் கல்முனைப் பக்கம் வர பக்கீரின் தோணியை விட்டால் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரி, சந்தை, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் இக்கரையில்.

04.03.1998

காகிதம் வந்துவிட்டது! ஐரோப்பாவின் வடக்கு நாட்டு நன்கொடை நிறுவனம் ஒன்று மூன்று பேரை அனுப்புகிறது. பதினெட்டாம் திகதி. அவர்களுக்குப் பிடித்தால் முழுப் பாலமும் இனாம், ஒரு சதம் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

பின்னேரமே வம்மிமடு போனேன். பள்ளிவாசல் தலைவர் ஹமீட் காக்கா சனத்தைக் கூட்டி வைத்திருந்தார். வருகிறவர்களை எங்கே இருத்துவது, என்ன கொடுப்பது என்று ஆளுக்கொரு கதை. நான்தான் வாய் திறந்தேன். "பகல் சாப்பாடு லைலா ஊட்டுல" என்றேன். லைலா என் சாச்சியின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, தோணிக்காரப் பக்கீரின் மனைவி. ஊரில் அவள் கைப் பக்குவத்துக்கு ஈடில்லை.

வெளியே வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ராத்தா, எங்கட ஓலை ஊட்டுக்குள்ள அவங்கள எப்படி இருத்துற? வெக்கமா இரிக்கி."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறன்கா. நீ சோத்த மட்டும் பாரு."

17.03.1998

எங்கள் வீட்டு சோபாவைத் தோணியில் ஏற்றிவிட்டேன். கலியாணத்துக்கு வாப்பா வாங்கித் தந்தது, சிவப்பு மெத்தை வைத்தது. இவர், என் வீட்டுக்காரர், "உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோணி ஒரு பக்கம் சாய, பக்கீர் கம்பை ஊன்றிக்கொண்டு கத்தினான்: "மிஸ், இது கவுண்டா எனக்கிட்டக் கேக்கப்படாது!" கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான்.

நற்பிட்டிமுனையிலிருந்து இரவல் பீங்கான் வந்தது. லைலாவின் வீட்டு மண்சுவருக்கு வெள்ளை பூசி, தரைக்குப் புதுப் பன்பாய் விரித்தாயிற்று. ஓலை தெரியாமல் உள்ளே சீலை கட்டச் சொன்னதும் நானேதான்.

18.03.1998, புதன்

அல்ஹம்துலில்லாஹ், நன்றாக முடிந்தது.

தலைவி ஓர் உயரமான வெள்ளைக்காரி, கூட இரண்டு ஆண்கள். தோணியில் வரும்போது சிரித்துச் சிரித்துப் படமெடுத்தார்கள். வெயில் காலம், ஆறு பூனைக்குட்டி போலக் கிடந்தது. மாரியில் இது எப்படியிருக்கும் என்று நான் இங்கிலீஷில் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டினார்கள். லைலா தன் ஒரே ஆட்டை அறுத்திருந்தாள். பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்து கையால் சாப்பிட்டார்கள், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடினார்கள்.

ஹமீட் காக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஊர்ட மானத்தக் காப்பாத்திட்டீங்க, புள்ள" என்றார்.

22.03.1998

சோபா திரும்பி வந்தது. ஒரு கால் ஆட்டம்.

28.07.1998, செவ்வாய்

பாலம் இல்லையென்றுவிட்டார்கள்.

அறிக்கையின் பிரதி இராசதுரை சேரின் மேசையில் கிடந்தது. நாலாம் பக்கத்தை என்னிடம் நீட்டிவிட்டு அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதில் எழுதியிருப்பது இதுதான்: பார்வையிட்ட வீட்டில் மெத்தை வைத்த தளபாடம் இருந்தது, பிள்ளைகள் நன்றாக உடுத்திருந்தார்கள், பெரும் விருந்தளிக்கும் வசதி இச்சமூகத்துக்கு உண்டு, இதைவிடக் கடும் தேவையுள்ள இடங்களுக்கு முன்னுரிமை கொடுப்பதே நியாயம்.

மெத்தை வைத்த தளபாடம். யா அல்லாஹ், என்ட சோபா! என்ட கையால ஏத்தி அனுப்பின சோபா!

அவர்கள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். வந்தவர்களுக்குப் பசியைக் காட்டுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. இல்லாத வீட்டில்தான் விருந்து கூடுதல். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரியும் என்றுதானே எனக்குச் சம்பளம்?

20.08.1998

கொழும்பு. உதவி தரும் நாடுகளோடு மாவட்டக்காரர்களுக்கு ஒரு கூட்டம். வழி நெடுக ஆமிச் செக்பொயின்ற், பதினொரு மணித்தியால பஸ், கால் வீங்கிவிட்டது.

குளிரூட்டிய மண்டபத்தில் கோட் போட்ட ஒருவர் எழும்பி, நம் நாட்டின் தலைக்குரிய வருமானம் கூடிவிட்டதால் இனி ஏழை நாடுகளின் பட்டியலில் இல்லை, நடுத்தர வருமான நாடு என்றார். முன்வரிசையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகுதான் அடுத்த பேச்சு வந்தது. ஏழை இல்லையென்றால் இனாமும் இல்லை. இனிமேல் நன்கொடை குறையும், கடன்தான். அதற்கும் அரசாங்கத் திறைசேரி போடுகிற பட்டியலில் இடம் பிடித்திருக்க வேண்டும். "நாம் இனிக் கையேந்துபவர்கள் அல்லர், பங்காளிகள்" என்றார் நம்மவர் ஒருவர். பெருமையாகத்தான் சொன்னார். பெருமைப்பட ஏதும் இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எனக்கு அந்த நேரம் லைலாவின் வீட்டில் கட்டிய சீலைதான் கண்ணுக்குள் வந்து நின்றது. பின்னால் ஓலை, முன்னால் சீலை.

தேத்தண்ணி நேரம் இராசதுரை சேர் காதோடு சொன்னார்: "நாடு பணக்காரனாப் போயிற்று எண்டு வம்மிமடுச் சனத்துக்கு ஆர் சொல்லுற?"

15.10.1998

கடன் தரும் வங்கி ஒன்றுக்கு மறுபடி விண்ணப்பம். கொழும்பிலிருந்து திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏழாம் பத்தி, 'தேவையின் தீவிரத்துக்கான சான்று'. அங்கே நான் "மாரிகாலத்தில் சிரமம்" என்று எழுதியிருந்தேன். போதாதாம். தொலைபேசியில் அந்த அலுவலர் நல்ல மாதிரியாகவே கதைத்தார். எண்ணூறு பாலம் கேட்டிருக்கிறார்கள், எழுபதுக்குத்தான் இடம், சம்பவம் ஏதும் இருந்தால் போடுங்கள் மிஸ் என்றார்.

சம்பவம்.

லைலாவுக்கு ஏழு மாதம். சந்தையில் கண்டேன். முகம் வெளிறி இருக்கிறாள். மாரி தொடங்குமுன் கல்முனைக்கு வந்து எங்கள் வீட்டில் இரு என்றேன். "ரெண்டு புள்ளயையும் வெள்ளாமையையும் உட்டுட்டு எப்படி ராத்தா வாற?" என்றாள். இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கேட்டிருக்கலாம். கந்தோருக்கு நேரமாயிற்று என்று வந்துவிட்டேன்.

04.12.1998, வெள்ளி

மூன்று நாள் அடைமழை. சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி லைலாவுக்கு நோவு கண்டிருக்கிறது. மருத்துவிச்சி நதீரா இக்கரையில் பையோடு நிற்கிறாள், அவளால் அக்கரை போக முடியவில்லை. பக்கீர் லைலாவைத் தோணியில் படுக்க வைத்துப் மழைக்குப் படங்குச் சீலையால் மூடிக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறான். ஆறு இழுத்துக்கொண்டு போய் அரை மைலுக்குக் கீழே வயலுக்குள் தள்ளிவிட்டது. இவர்கள் கரை சேர ஒன்றரை மணித்தியாலம்.

பிள்ளை தோணியிலேயே பிறந்துவிட்டது. கால்தான் முதலில் வந்ததாம். பொம்புளப் புள்ள. அழவில்லை.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

லைலா உயிரோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

05.12.1998

அடக்கிவிட்டார்கள். இக்கரை மையவாடியில். பக்கீர் ஒருத்தரிடமும் கொடுக்காமல் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனானாம். இவர் வந்து சொன்னார்.

09.12.1998

ஏழாம் பத்தியை நிரப்பிவிட்டேன்.

திகதி, நேரம், தாயின் வயது, சிசு மரணம் ஒன்று. நதீராவின் கையொப்பம் வாங்கி இணைத்தேன். இராசதுரை சேர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இது போதும்" என்றார். பிறகு, "இப்படிச் சொல்ல வேண்டி வந்திட்டு" என்றார்.

எனக்குள்ளும் ஒரு மூலையில் 'இனிக் கிடைக்கும்' என்று ஓடியதே, அதை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவ? சீ! நான் என்ன பிறவி?

20.01.1999

நோன்புப் பெருநாள். வட்டிலப்பம் கொண்டுபோனேன். லைலா வாங்கி வைத்தாள், சலாம் சொன்னாள், அவ்வளவுதான். அவளுடைய பிள்ளைகள்தான் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

16.02.1999, செவ்வாய்

கடன் வங்கியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர், கொழும்பு அலுவலர் ஒருவர். இந்தத் தடவை நானே முன்கூட்டிப் போய்ச் சொல்லியிருந்தேன்: சோறு கறி ஒன்றும் ஆக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது, பிள்ளைகளுக்கு வீட்டுச் சட்டை போதும். ஹமீட் காக்கா கொதித்துப்போனார். "ஒரு தேத்தண்ணியாவது குடுக்கப்படாதா? அவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" நெனைக்கத்தான் வேணும் காக்கா என்றேன். அவர் இன்று துறைக்கே வரவில்லை.

ஆறு இன்னும் வற்றவில்லை. தோணி ஆடியபோது வெள்ளைக்காரர் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கரையில் இறங்கியதும் தாயைப் பார்க்க வேண்டும் என்றார். நான் லைலாவிடம் முதலே கேட்டிருந்தேன். வருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

அவர் அவளோடு மரியாதையாகத்தான் கதைத்தார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மூணு" என்றாள்.

அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். மற்றது எங்கே என்று அவர் கேட்டார். விண்ணப்பக் கோவையில் வாசித்திருப்பார், ஆனாலும் கேட்டார். நான் கேட்டதும் லைலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். "அங்க மையவாடியில."

எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஒரு சொல் வரவில்லை. வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார், கொழும்பு அலுவலர் பார்க்கிறார், நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

"சொல்லுங்க ராத்தா" என்றாள் லைலா. சத்தம் போடவில்லை. "இதக் காட்டத்தானே அவங்களக் கூட்டிட்டு வந்தீங்க. அண்டைக்கி இருக்கிறதெல்லாம் காட்டினம், போயிட்டாங்க. இண்டைக்கி இல்லாததக் காட்டுங்க."

சொன்னேன். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றினார். கொழும்பு அலுவலர் என் காதோடு, துறை தெரிகிற மாதிரி அவளை ஒரு படம் எடுங்கள் மிஸ், கோவைக்கு நல்லது என்றார். கந்தோர்க் கமெரா என் தோளில்தான் தொங்கியது. எடுத்தேன். அவள் அசையாமல் நின்று தந்தாள்.

03.05.1999

பட்டியலில் வம்மிமடு இருக்கிறது. நாற்பத்தொன்றாம் இலக்கம்.

06.05.1999

ஹமீட் காக்கா கந்தோருக்கே வந்து நபி பேரில் ஸலவாத்துச் சொல்லி, எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். கடன் என்கிறார்களே, ஊர்ச்சனம் கட்ட வேண்டி வருமா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை காக்கா, நாடு கட்டும் என்றேன். "நாடு எண்டா ஆரு புள்ள? நாமதானே?" என்றார். ஓம் என்றேன்.

10.06.1999, வியாழன்

துறையில் மண் பரிசோதனைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். இரும்புக் குழாயை இறக்கி மண்ணை எடுக்கிறார்களாம், ஊரே கரையில் நிற்கிறதாம்.

கொழும்பிலிருந்து ஒரு காகிதம். வங்கியின் வருடாந்த அறிக்கைக்கு அட்டைப்படம் வேண்டுமாம். 'குழந்தையை இழந்த தாய், பின்னால் ஆறு' என்று அந்த அலுவலர் ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறார். கூடவே அரைப் பக்கத்தில் அவளுடைய கதை. நல்ல தாளில், பல நாடுகளுக்குப் போகும் புத்தகம்.

எடுத்ததை அந்த அலுவலர் கண்ணால் கண்டவர்தான், ஆனாலும் படம் எதுவும் எடுக்கப்படவில்லை என்று பதில் எழுதி, கையொப்பத்துக்கு வைத்தேன்.

இராசதுரை சேர் நிமிர்ந்து பார்த்தார். "எடுத்தீங்களே சுஹறா?"

"இல்ல சேர்."

கொஞ்ச நேரம் பேனையைத் திறந்தபடி வைத்திருந்தார். பிறகு கையொப்பம் போட்டார்.

மேசை லாச்சியிலிருந்த படத்தையும் நெகட்டிவையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, பின்னேரம் அடுப்பில் வைத்துவிட்டேன். அடுக்களை முழுக்க நாற்றம். என்ன எரிக்கிறாய் என்று இவர் கேட்டார். கந்தோர்க் குப்பை என்றேன்.

லைலாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "குடுங்க ராத்தா, கேக்கிறவங்களுக்கு இல்லையெண்டு எப்படிச் சொல்லுற" என்றிருப்பாள்.