மோதியது வலது பக்கம்

ஐயப்பன்தாங்கல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமே கிருபாகரனுக்கு,

துலுக்கானம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி எல்லம்மாவும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே புனேயில் நீயும் விஜியும் மகள் லாவண்யாவும் பேத்தி வர்ஷாவும் நன்றாக இருக்கவேண்டும் என்று வேம்புலியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன்டா கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பாய். நல்லா சிரி. போனில் என்னால் பேச முடியாது. வீடியோவில் வந்தால் என் கழுத்து ஓட்டையைப் பார்த்ததும் 'டவர் இல்ல மாமே' என்று கட் பண்ணிவிடுகிறாய். இரண்டு தடவை ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். தாளைப் பாதியில் கட் பண்ண முடியாது அல்லவா? கிழித்துப் போடுவதென்றாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் ஊர்ச் செய்தி. நம் பஸ் டெப்போவில் புது வண்டிகள் வந்திருக்கின்றன, கதவு தானாக மூடிக்கொள்கிறதாம். நீ ஓட்டிய பழைய வண்டியை ஓரங்கட்டிவிட்டார்கள். கரையான்சாவடியில் மெட்ரோ தூணுக்கு அடியில் நம் டீக்கடைக்காரன் மறுபடியும் கடை போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது, டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். சூடாக எதையும் குடிக்கவும் முடிவதில்லை.

ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். மூச்சு கழுத்து வழியாகத்தான். குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போய்விடுமோ என்று எல்லம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், சின்னப்பிள்ளைக்கு நிற்கிறமாதிரி. ரேடியேஷன் என்று கழுத்தில் கரண்ட் வைத்ததில் நாக்கு செத்துவிட்டது. உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான்.

பிள்ளைகள் எழுதி அழிக்கிற சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதி, எல்லம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிடுகிறது. அதனால் கட்டில் சட்டத்தில் தட்ட ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸில் தட்டுகிற அதே கணக்கு. ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் போ. அவள் சோறு ஊட்டுவதுகூட இப்போது அப்படித்தான் நடக்கிறது. ஒரு நாள் காக்கிச் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதிப் பார்த்தேன். வாயில் காற்றே வரவில்லை மாமே, எல்லாம் கழுத்து வழியாகப் போய்விட்டது. எல்லம்மா விசிலை வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டாள்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்கிறாயா? இரு, வருகிறேன். முப்பது வருஷம் கத்திய வாய், எழுதும்போதும் சுற்றித்தான் வரும்.

போன வருஷப் பொங்கலுக்குத்தான் குரல் கம்ம ஆரம்பித்தது. டெப்போவில் எந்தக் கண்டக்டருக்குத்தான் குரல் நன்றாக இருக்கிறது? 'குமணன்சாவடி எறங்கு, உள்ள போ, உள்ள போ' என்று நாள் முழுக்கக் கத்தினால் கம்மாமல் என்ன செய்யும் என்று இருந்துவிட்டேன். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆயிற்று. சிகரெட்டை மட்டும் விடவில்லை. நீ 'இன்னா மாமே, தவளைய முழுங்கிட்டியா' என்று மைக் பிடிக்கிறவன் மாதிரி கையை என் வாய்க்கு நேரே நீட்டுவாய். வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆடி மாதம் சலூன் அழகேசன் ஷேவ் பண்ணும்போது கையை நிறுத்திவிட்டான். 'அண்ணே, கய்த்துல இன்னாவோ கெட்டியா கீது. எவ்ளோ நாளா கீது இது?' என்று கேட்டான். சொத்தைப் பல்லுக்கு நெறி கட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். 'வலிக்குதாண்ணே?' என்றான். வலித்தால்தானே? அடுத்த வாரமும் கேட்டான். மூன்றாம் தடவை, 'தபாரு, காட்டிட்டு வந்தாத்தான் கத்தி வெப்பேன்' என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சலூனை மாற்றிவிட்டேன். உன்னிடம் அவன் கத்தி சரியில்லை என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? பதினெட்டு வருஷம் எனக்கு முடி வெட்டியவன். அவன் கத்தியில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டேன். வேர்வைக்கு எல்லாக் கண்டக்டரும் செருகுவதுதான், யார் கேட்கப்போகிறார்கள்? நீ கார்த்திகையில் ரிட்டையராகி புனேவுக்கு ரயில் ஏறினபோது ஸ்டேஷனில் என்னைக் கட்டிக்கொண்டாயே, அப்போதும் கைக்குட்டை இருந்தது. அதற்கு அடியில் கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்தது.

மாசியில் சோறு இறங்காமல் போனபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். 'ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?' என்று மெதுவாகக் கேட்டார். குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினாலே காட்ட வேண்டுமாம். உடம்பில் எங்கே கட்டி வந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் கரையாவிட்டால் காட்டிவிட வேண்டுமாம். கெட்டியாக இருந்தால், பெரிசாகிக்கொண்டே போனால் ஒரு நாள்கூடக் கடத்தக் கூடாதாம். வலிக்கவில்லையே என்று கம்மிய குரலில் சொன்னேன். 'வலி இல்லைங்கறத மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாதுங்க' என்றார்.

அங்கே வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றியும் சொல்கிறேன், நீ பயந்து போகாதே. ஆவடியிலிருந்து ஒருத்தர் வந்திருந்தார், எனக்கு இருந்த அதே இடத்தில் கட்டி. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் டிபி என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் கரைந்தே போய்விட்டது. பூந்தமல்லிக்காரம்மா ஒருத்திக்குத் தோளில் வெறும் கொழுப்புக் கட்டி. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்தம்மா வாசல் வரைக்கும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள். நிறையப் பேருக்கு இப்படி ஒன்றுமில்லாமல்தான் போகிறதாம். வந்து காட்டினார்கள், ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டார்கள். நான் வரவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விஜி எல்லம்மாவுக்குப் போன் பண்ணினாள். நான் பக்கத்தில் இருப்பது தெரியாமல் அழுதாள். உன் இடது மார்பில் இருக்கிற கட்டி பெரிசாகிவிட்டதாம். காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், இந்தி தெரியாமல் இந்த ஊரில் யாரிடம் போய்க் காட்டுவது, வர்ஷா பிறந்தநாள் முடிந்து ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்கிறாயாம். ரொம்பக் கேட்டதற்கு, 'இது ஸ்டியரிங் இட்ச்ச வீக்கம்டி. தொலுக்கானமே அன்னிக்கே சொன்னான்' என்று கத்தினாயாம்.

எல்லம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆமாம் மாமே, நான்தான் சொன்னேன். போன வருஷம் சித்திரை வெயிலில், டெப்போ ஓய்வறை ஃபேனுக்கு அடியில் நீ பனியனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். 'மாமே, இங்க இன்னாவோ கீது, தொட்டுப் பாரேன்' என்றாய். நான் தொட்டேன். நெல்லிக்கொட்டை அளவு, கெட்டியாக. 'அன்னிக்கு ஸ்டியரிங் இட்ச்சதுடா, தானா பூடும்' என்றேன். நீயும் 'அப்டித்தான் நானும் நெனச்சேன்' என்று பனியனை இறக்கிவிட்டாய்.

இந்த ஐந்து மாதமாகப் படுத்துக்கிடந்து அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு முந்தின ஐப்பசி மழையில், குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ குறுக்கே வந்து நீ பிரேக் அடித்தாயே, அந்த நாளை. நான் இறங்கி ஓடிவந்து டிரைவர் கதவைத் திறந்தேன். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி என் கைக்குட்டையில் சுற்றி, கதவுப் பக்கமாகக் கீழே நின்றுகொண்டே உன் நெஞ்சில் வைத்துப் பிடித்தேன். அது உன் வலது பக்கம். ஒரு வாரம் உனக்கு வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. விஜிதான் தலை வாரிவிடுகிறாள் என்று டெப்போவே உன்னைக் கிண்டல் பண்ணியது. கியர் போடுகிற இடது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே வண்டி எடுத்தாய். ஸ்டியரிங் மோதியது வலது பக்கம் மாமே. கட்டி இருப்பது இடது பக்கம்.

மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் அது பொய். தொடும்போதே எனக்குத் தெரியும், பக்கம் வேறு என்று. அப்போது எனக்குக் குரல் கம்மி மூன்று மாதம். நீ போய்க் காட்டு என்று நான் சொல்லியிருந்தால், நீயும் வா, உன் தொண்டையைக் காட்டு என்று என் கையைப் பிடித்து இழுத்திருப்பாய். எனக்குப் பயம். நீ என் தொண்டையைக் கேட்காதே, நான் உன் நெஞ்சைக் கேட்கமாட்டேன் என்று பேசிவைத்தமாதிரி இரண்டு பேரும் இருந்துவிட்டோம். கூட்டாளி என்று வேறு சொல்லிக்கொள்கிறோம், தூ.

என் பயத்துக்கு உன்னைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். அதற்காக நீ என்னைச் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இனி என் பெயரைச் சொல்லி வீட்டில் உட்காராதே. நான் சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆம்பிளைக்கு மார்பில் கேன்சர் எப்படி வரும், லேடீஸ் கூட்டத்தில் போய் உட்காருவதா என்று யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? செவ்வாய்க்கிழமை போனபோது டாக்டரிடம் எழுதிக் கேட்டேன். அபூர்வம், ஆனால் ஆண்களுக்கும் வரும் என்றார். காம்பு இழுத்திருக்கிறதா என்று கேட்டார், தலையாட்டினேன். 'இந்த வாரமே காட்டச் சொல்லுங்க' என்றார். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

கடைசியில் தனித் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, எந்த அளவிலிருந்து எந்த அளவு, வலி இல்லை, காம்பு இழுத்திருக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறேன். மகளிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று கூச்சமாக இருந்தால் அதை மட்டும் லாவண்யா கையில் கொடு. அவள் இந்தியில் சொல்லிக்கொள்வாள். பிறந்தநாள் அடுத்த மாதம்தானே, அதற்குக் காத்திருக்காதே. அந்தக் குழந்தைக்கு இனிமேல் எத்தனையோ பிறந்தநாள் வரும், நீ அதற்கெல்லாம் இருக்க வேண்டும்.

என் சேதி ஒன்று பாக்கி. அந்தச் செவ்வாய்க்கிழமை புது ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் எல்லம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, 'ஒண்ணுமில்ல, மாத்திரைய மாத்திக் குட்த்துகீறாரு' என்றாள். வீட்டுக்கு வந்து வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள், எனக்கு மெல்ல முடியாது என்று தெரிந்தும். நான் ஒன்றும் கேட்கவில்லை. குழம்பை மட்டும் இரண்டு கரண்டி குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதைக் கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை காலையில் லாவண்யாவோடு கிளம்பு. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் போடு. என்னால் ஹலோ சொல்ல முடியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. எல்லம்மா போனைக் கட்டில் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள். நான் இரண்டு தட்டு தட்டுவேன். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு நீ வண்டி எடுத்திருக்கிறாய். கேட்டதும் உள்ளே போ.

அம்மன் உன்னைக் காப்பாள். ஒருவேளை தட்டுச் சத்தம் கேட்கவில்லை என்றாலும் நீ நின்றுவிடாதே மாமே. உள்ளே போ.

உன் வண்டிக் கண்டக்டர்,
துலுக்கானம்.