கடைசியாகச் சேர்த்த பெயர்

அக்கா,

ஒன்றுவிட்ட அக்காவின் மகள், என் பெறாமகளின் கலியாணத்துக்காகப் பிரான்ஸ் வந்திருக்கிறேன். நேற்றுப் பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்தில், தேவாலயத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல். போரில் இறந்த அந்த ஊர்க்காரரின் பெயர்கள், அகரவரிசையில். கடைசிப் பெயர் மட்டும் வரிசை தப்பிப் புது வெட்டாக இருந்தது. பெறாமகள் பாண்கடைக்காரியிடம் விசாரித்தாள். "முதல் விடுபட்டுப் போச்சாம், சித்தி. தாய் அலைஞ்சு திரிஞ்சு பிறகு போடுவிச்சவவாம்."

உடனே உங்கள் நினைவு வந்தது. அன்போடு வந்ததென்று பொய் சொல்ல மாட்டேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் நீங்கள் எடுத்திருந்த வாடகை வீட்டின் முன்னறையில், உங்களுக்கு வாடகை தந்து நான் இருந்தேன். வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தம்பியும் என்னோடு தங்கினான். உங்களுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கியவன் அவன். மீன்குழம்பில் தலைத்துண்டை அவனுக்கென்று எடுத்துவைத்தவர் நீங்கள். யுத்த நேரம்; வீட்டிலிருப்போரைப் பொலிசில் பதியவேண்டிய காலம், பதியாதவரைப் பிடித்துப்போவார்கள். படிவம் நிரப்பியது நீங்கள். "தம்பியின்ர பேரும் போட்டுக் குடுத்திட்டன். நீ யோசிக்காதை, பிள்ளை" என்றீர்கள். நம்பினேன்.

அடுத்த கிழமை, நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில், பொலிஸ் அந்தப் படிவத்தோடு வந்தது. எல்லாப் பெயரும் வாசித்தார்கள். அவன் பெயர் இல்லை. இவன் யார் என்று உங்களைக் கேட்டார்கள். தம்பி உங்களையே பார்த்தான். நீங்கள் கோப்பையைப் பார்த்தபடி "தன்னே நே" என்றீர்கள். தெரியாது. அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும்.

கொண்டுபோனார்கள். இன்றுவரை அவ்வளவுதான்.

"யாழ்ப்பாணத்துப் பெடியன் இருக்கிறானெண்டா வீட்டுச் சொந்தக்காரன் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவான். ரெண்டு குமர்ப்பிள்ளையளோட நான் எங்க போறது?" என்று பிறகு அழுதீர்கள். பயந்ததற்கு உங்களில் எனக்குக் கோபமில்லை. போட்டுவிட்டேன் என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போடவில்லை என்றிருந்தால் அன்றே அவனை வேறெங்காவது கூட்டிப்போயிருப்பேன்.

அதன்பின் உங்களோடு கதைக்கவில்லை. சாகக் கிடக்கையில் ஆள் அனுப்பினீர்கள், நான் வரவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்தபின் உங்கள் மூத்தவள் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தாள். நீங்கள் வைத்திருந்த படிவத்தின் பிரதி. அடியில், வேறு மையில், உங்கள் எழுத்தில் தம்பியின் பெயர். வீட்டுத் தலைவிக்கு என்ன உறவு என்ற இடத்தில் எனக்கு 'வாடகைக்கு இருப்பவர்' என்று எழுதியிருந்தீர்கள். அவனுக்கு 'சகோதரர்'.

எப்போது எழுதினீர்கள், அக்கா? யாருக்குக் காட்ட?

உங்களை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தத் தாள் இங்கேயும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அவன் எங்களோடு இருந்தான் என்று சொல்ல என்னிடம் உள்ளது அது ஒன்றுதான்.