தாத்தா துடைத்த கம்ப்யூட்டரும் குண்டூசியின் கப்பலும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, மருமகள், குண்டூசி நாலு பேரும் சுகம், தண்ணீருக்கு நடுவில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. எஞ்சின் ரூம் சூட்டில் வேர்க்க வேர்க்க நின்றுவிட்டு நேரே மேல்தளத்துக் காற்றில் போய் நிற்காதே, சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். போன தடவை பேசும்போது புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன், பழையதில் இருக்கும் சாஃப்ட்வேரில் எதெது வேண்டும் என்று யோசித்து எழுதும்மா, கடைக்காரரிடம் சொல்லிப் போடச் சொல்கிறேன் என்றாய். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளிடம் இப்படிக் கேட்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று அன்றைக்கே ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்களே சொல்லுங்க அத்தை, நான் சொன்னா அவர் பதறிடுவார் என்று மருமகள் ஒரு விஷயத்தை என் தலையில் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குப் போய்விட்டாள். பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

முதலில் இந்த எழுத்தடிக்கிற சாஃப்ட்வேர் கட்டாயம் வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று தட்டினால் தமிழில் அம்மா என்று வந்து நிற்கிறது, யாரோ பெற்ற பிள்ளை உட்கார்ந்து செய்து சும்மா கொடுத்திருக்கிறது, நன்றாக இருக்கட்டும். அடுத்தது வீடியோ ஓட்டுகிற ஒன்று, ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே ஆரஞ்சுக் கூம்பு, அந்தப் படம் போட்டது. எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டுகிறது. லாரி ஓட்டின காலத்தில் கூம்பைக் கண்டால் பிரேக் போடுவேன், இப்பத்தான் கூம்பைக் கண்டா வண்டி ஓடுதுன்னு அப்பா சிரிக்கிறார். மூன்றாவதுதான் என் செல்லம், குரலைப் பதிவுசெய்து வெட்டி ஒட்டுகிற சாஃப்ட்வேர். பேசினால் பேச்சு நீலக்கோடாக ஏறி இறங்கித் திரையில் ஓடுகிறது, துணி விளிம்பில் வளைவுத் தையல் போட்ட மாதிரி. வேண்டாத இடத்தைக் குறித்து வெட்டினால் இரண்டு பக்கமும் தானாகச் சேர்ந்துகொள்கிறது, பிசிறே கிடையாது. இதைச் சொல்லிக்கொடுத்தது உன் மகள் குண்டூசிதான். நான் சொல்ல வந்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

குண்டூசிக்குப் பேச்சு திக்குவது உனக்குத் தெரியும். இந்த வருஷம் அவள் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியாது. பேர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குகிறாளாம். வீட்டில் மட்டும் வாய் ஓயாது, என்னிடம் சண்டை போடும்போது திக்கித் திக்கியே ஜெயித்துவிடுவாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் வாராவாரம் ஒரு பிள்ளை பேசினதைப் பதிவுசெய்து எல்லா வகுப்பு ஸ்பீக்கரிலும் போடுகிறார்கள், இவள் முறை வந்தது. கஷ்டமா இருந்தா விட்டுடலாம்மா என்று டீச்சர் பிரியமாகத்தான் சொல்லியிருக்கிறார். இவள் விடவில்லை, வீட்டிலேயே பேசிக் கொண்டுவருகிறேன் என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டு வந்தாள். எதைப் பற்றிப் பேசினாள் தெரியுமா, உன் எஞ்சின் ரூமைப் பற்றி. நீ போனில் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது, காதில் மாட்டுகிற பஞ்சு மூடி முதல், சத்தம் மாறினாலே எந்த இடத்தில் கோளாறு என்று நீ கண்டுபிடிப்பது வரை. கப்பல் என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் மாட்டிக்கொண்டாள், உன் வேலையைப் பற்றிப் பேசினால் அது வராமல் இருக்குமா. திக்கின இடங்களை அவள் காட்டக் காட்ட நான் வெட்டினேன். முடிந்ததும் போட்டுக் கேட்டோம், பேச்சு பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாட்டி, இ... இது நானா என்று கேட்டாள். நீயேதான்டி என்று நானும் சொல்லிவிட்டேன்.

இப்போது அப்பாவின் செல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் குப்பை கூட்டுகிற ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, ஒரே பேரில் இரட்டையாக இருப்பதைக் காட்டி எதை எடுக்கட்டும் என்று கேட்கும். முன்னெல்லாம் காலையில் டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏறமாட்டார், இப்போது டயருக்குப் பதில் இது, லோடு ஏறினா வண்டி இழுக்காது என்று தினமும் கூட்டிக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கப்பல் என்ற பேரில் இரண்டு காட்டியிருக்கிறது, ஒன்று வெட்டாதது, ஒன்று வெட்டினது. வெட்டினதைத் தூக்கி எறிந்துவிட்டார். அப்புறம் கேட்டால் சொல்கிறார், ஒண்ணு முழு லோடு, இன்னொண்ணு குறைஞ்ச லோடு, வழியில எங்கேயோ சிந்திடுச்சுன்னு நினைச்சேன், குறைஞ்ச சரக்கைக் கொண்டுபோய் இறக்கினா எவன் கையெழுத்துப் போடுவான் என்று. குண்டூசி காலையில் அவசரத்தில் பென்டிரைவில் அந்த முழு லோடை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

யூனிஃபார்ம் பாவாடைக் கட்டைக் கொடுக்க நானும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்தேன், ஆபீஸ் வாசலில் நிற்கிறேன், தலைக்கு மேல் ஸ்பீக்கரில் இவள் குரல். முதல் வரியிலேயே க... க... க என்று நின்றது. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம் என்றால் எந்த அறையில் போடுகிறார்கள் என்றே தெரியவில்லை. என் தையல் மிஷின் ஓடுகிற சத்தம், அப்பா இருமுவது, எல்லாம் அதில் கேட்கிறது. மறுபடி கப்பல் வந்தது, மறுபடி நின்றது, பக்கத்து வகுப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பியது. அப்புறம் ஸ்பீக்கரில் இவள் அந்தச் சொல்லையே திட்டுகிறாள், அ... அடியே கப்பலே, வர்றியா இல்ல உன்னை விட்டுட்டு நான் பஸ்ல போகட்டுமா என்று. வீட்டில் பேசினபோது வந்த கோபம் அது, அதை வெட்டி எறிந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். உடனே தடக்கென்று கப்பல் வந்துவிட்டது. பள்ளிக்கூடமே சிரித்தது. இது கேலிச் சிரிப்பா வேறு சிரிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அவள் வகுப்பு வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இனிமேல் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றாள். அப்பா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, தப்பு என்னுதுதான் தாயி, என் லைசென்ஸைப் பிடுங்கிக்கோ என்று கெஞ்சினார். உள்ளேயிருந்து உ... உங்களுக்குத்தான் லைசென்ஸ் முடிஞ்சுபோச்சே தாத்தா என்று பதில் வந்தது. அப்போதே எனக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. மீதி, சாயந்திரம் கீழ் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கப்பல் அக்கா இருக்காங்களா என்று கேட்டபோது திரும்பியது. அந்த பஸ் டயலாக்கை மறுபடி சொல்ல வேண்டுமாம். டிபன் டப்பா திறக்காவிட்டால் அடியே டப்பாவே வர்றியா என்கிறார்களாம், பேனா எழுதாவிட்டால் அதையும் திட்டுகிறார்களாம். இவள் கதவைப் பாதி திறந்து முறைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் சொல்லிக் காட்டினாள், திக்கித்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகு நான், வேணும்னா மறுபடி வெட்டித் தரேன்டி, உங்கப்பனுக்கு நல்லதா அனுப்பலாம் என்றேன். அதற்கு அவள், தாத்தா இ... இருமினதை மட்டும் வெட்டுங்க பாட்டி, மீதி அப்படியே இருக்கட்டும் என்றாள். அப்படியே செய்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வருகிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் போனாள். தைத்த துணியை வாங்க வந்த டீச்சர் நேற்றுச் சொன்னார், பேர் கூப்பிட்டதும் எழுந்து நின்று வாயைத் திறந்தாளாம். உள்ளேன் என்று முழுசாக வரும்வரை டீச்சர் காத்திருந்தாராம், வகுப்பும் காத்திருந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து உன் ஞாபகம்தான். நீ போன் பேசும்போது அவள் ஒரு சொல்லில் நின்றால் உனக்கு மனசு தாங்காது, சட்டென்று நீயே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறாய். அதற்கப்புறம் அவள் ம் மட்டும்தான் சொல்லுவாள், போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். பாசத்தில்தான் செய்கிறாய், நானும் இத்தனை நாள் அதைத்தான் செய்தேன்.

புதுக் கம்ப்யூட்டரில் நான் சொன்ன மூன்றையும் போடச் சொல். குப்பை கூட்டுவதும் வேண்டும் என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்கிறார். போடச் சொல், ஆனால் என்னைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், தலையாட்டினார். நீ நல்ல உடம்போடும் நிறைந்த ஆயுளோடும் இருக்க வேண்டும், நீ போகிற வழியெல்லாம் கடல் அமைதியாக இருக்கட்டும், உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். கரைக்கு வந்து போன் செய்யும்போது குண்டூசிதான் முதலில் எடுப்பாளாம், வேறு யாரும் எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு. உன்னிடம் என்னவோ கேட்க வேண்டுமாம், என்ன என்று எங்களிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். நடுவில் சத்தமே இல்லாமல் போனால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. அவள் அங்கேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா