பதில் எழுத ஒரு தாள்

அன்பு மகளே,

செங்து நகரில், நம் தெருமுனையில் நம் முட்டையடை வண்டி வழக்கம்போல் நிற்கிறது. "பொண்ணு எங்கக்கா?" என்றான் காய்கறிக்கார ஃபெங். "வெளியூர்ல. நீ உன் முட்டைக்கோஸப் பாரு" என்றேன்.

ஊரடங்கை எதிர்த்து வெற்றுத்தாளை உயர்த்திப் பிடித்து நீங்களெல்லாம் நின்ற பாலத்தில் இப்போது யாரும் நிற்பதில்லை. வேகமாக நடந்து போய்விடுகிறார்கள்.

நீ பதில் எழுதுவாய் என்று போன கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருந்தேன். அங்கே சிறை வாசலிலிருந்த காவலர் அதை மட்டும் திருப்பித் தந்தார். "இதப் பிடிச்சுதானே உம் பொண்ணு உள்ள வந்தா? எழுதாத தாள் உள்ள போகாதும்மா." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதனால் இந்த முறை தாளின் மேலே ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்: "சாப்பிட்டியா?"

மீதி இடமெல்லாம் உன்னுடையது.

உன் அம்மா