காலி, காளி அல்ல

3 ஜூன் 2004
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஆறாம் வகுப்புக்கு மறுபடியும் மாம்பழம், மறுபடியும் பூந்தொட்டி. டிராயிங் டீச்சர் ஜெயக்கொடி தனக்கென்று ஒரு படம் வரைந்து எத்தனை வருஷம்?

9 ஜூன்
சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஓவியர்கள் தாங்களே நடத்திய இடங்களைப் பற்றிக் கண்காட்சி, புத்தகம். மதுரையில் எங்கள் இடமும் உண்டாம். புதிதாக ஒரு படமும் கேட்டாள். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

16 ஜூன்
புத்தகத்தில் வரப்போகும் பக்கத்தை அனுப்பியிருந்தாள். ‘காளி: பெண் சக்தியின் பெயரால் உருவான கலைக்கூடம்.’

அடப்பாவிகளா! ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்குத் திருப்பியதில் காலி காளியாகிவிட்டது. நான், விருமாண்டி, ஹரிராம் மூவரும் 94இல் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஹரிராம் வீட்டு மாடியை எடுத்தோம். வாசலில் ‘வீடு காலி’ பலகை. கழற்றச் சோம்பல். வீடு தேடி மாடியேறியவர்கள்தான் எங்கள் முதல் பார்வையாளர்கள். குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டுக்கொண்டே படம் பார்ப்பார்கள். “காலியில பாப்போம்” என்று சொல்லிச் சொல்லியே அது பெயராகிவிட்டது. தன் கடைச் சேலை மூட்டைகளை வைக்க ஹரிராமின் அப்பா மாடியைத் திரும்பக் கேட்டார். அதோடு என் தூரிகையும் போச்சு. இதுல சக்தி எங்க வந்துச்சு?

19 ஜூன்
திருமங்கலத்தில் விருமாண்டி போர்டு எழுதும் கடைக்குப் போனேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“காளின்னே இருக்கட்டும் ஜெயா. எம்புட்டு கவுரவமா இருக்கு!”

“பொய்டா அது.”

“ஒரு படம் வரையக் காணோம், பேருக்கு மட்டும் சண்டைக்கு வர்ற.”

நேரே பஸ் ஏறிவிட்டேன்.

20 ஜூன்
நியாயமாத்தான் சொன்னான். அதான் எரியுது.

24 ஜூன்
சென்னைப் பெண்ணிடம் பெயரைத் திருத்தச் சொன்னேன். “காளிதான் நல்லா இருக்கு மேடம். காலின்னு எதுவும் ஆதாரம் இருக்கா?” என்கிறாள். நான்தான் ஆதாரம் என்று கத்தினேன். அவ்வளவு போதுமா என்ன?

27 ஜூன்
ஹரிராமுக்குப் போன். அவன் அப்பா தவறியபின் மாடி பூட்டிக் கிடக்கிறதாம், வாடகைக்கு விடப்போகிறானாம். “அந்தப் பழைய பலகையவே எடுத்து மாட்டிட்டேன்,” என்றான்.

யோசிக்கவே இல்லை. “நான் எடுத்துக்கிறேன்டா,” என்றேன்.

5 ஜூலை
மாடிக்கு வந்தாயிற்று. பலகையைக் கழற்றாமலே போட்டோ பிடித்துச் சென்னைக்கு அனுப்பியாயிற்று. புதுப் படத்துக்கு இழுத்துக் கட்டிய துணியில் மட்டும் ஒரு கோடுகூட விழவில்லை. ஏன் ஒத்துக்கிட்டேன்?

18 ஜூலை
காலையில் மாடிப் படியில் செருப்புச் சத்தம். உசிலம்பட்டியிலிருந்து வேலை மாற்றலாகி வந்த புருஷனும் பெண்டாட்டியும்.

“வீடு காலியாக்கா?”

“காலிதான். உள்ள வாங்க.”

அவர் குழாயைத் திறந்து பார்த்தார். அந்தப் பெண் சுவரோரம் நின்றாள். அங்கே சாய்த்து வைத்திருந்த துணியைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தாள்.

“அய்யோ, பெயிண்ட் இன்னும் காயலையேக்கா.”